இருமல் விழுந்த முனை

காலை ஆறு மணிக்குப் பொத்தானைத் தட்டினால் சக்கரம் முதலில் முனகும், பிறகு திமிறும், பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. சுற்றுவது கண்ணுக்கே தெரியாது. சும்மா கிடக்கும் சாம்பல் நிறத் தட்டு என்றுதான் புதிதாகப் பார்க்கிறவன் நினைப்பான். அப்படி நினைத்து விரலை வைத்த இரண்டு பேர் எங்கள் பட்டறை மாடியில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்பது விரல்.

ஒரு சக்கரத்தைச் சுற்றி நான்கு பேர் உட்காருவோம். நான் கர்சன். எனக்கு எதிரே மாவ்ஜிபாய், இடப்பக்கம் பீக்கு. வலப்பக்கம் ஜஸ்மத் உட்கார்ந்த இடம் நான்கு மாதமாகக் காலி. இப்படிப் பதினோரு சக்கரம், காலி இடம் போக நாற்பத்தொரு பேர். மழைக்காலத்தில் வராச்சா ரோட்டில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஈரக் கால்சட்டையோடு குனிந்தால் மதியம்வரை முதுகு நிமிராது.

மோதிரத்துக்கும் மூக்குத்திக்கும் கல் தேய்க்கிறவர்கள் சூரத்தில் லட்சக்கணக்கில் உண்டு. எங்கள் வேலை வேறு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸையும் கேமராக் கண்ணாடியையும் கடையும் இயந்திரத்துக்கு வைரத்தில் ஒரு வெட்டுமுனை வேண்டும். நானூறு மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் அதன் விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது. மோதிரக் கல்லில் பிசிறு இருந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியப்போவதில்லை. எங்கள் முனையில் இருந்தால் அதை வாங்குகிற ஜெர்மன்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான்.

மரத்துக்கு ரேகை ஓடுவதுபோல வைரத்துக்கும் ஓடுகிறது. அந்தத் திசையில் வைத்தால் கல் இழைந்து கொடுக்கும். கொஞ்சம் மாற்றி வைத்தால் கீச்சென்று கத்தும், சக்கரத்தையே கீறிவிடும். ரேகை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. காதால் கேட்டு, கைப்பிடியில் வரும் அதிர்வால் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு கடைசி இழைப்பு ஒன்று இருக்கிறது. அதை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தாக வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் தோள் அசையும், தோள் அசைந்தால் முழங்கை அசையும், அப்புறம் கல்லும் அசையும். நாங்களெல்லாம் இரண்டு மூன்று மூச்சில் முடிப்போம். மாவ்ஜிபாய் ஒரே மூச்சில் முடிப்பார். அவர் கல்லை வைத்தால் பக்கத்துச் சக்கரத்துக்காரன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பான்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் மூச்சை இழுத்துப் பிடித்துக் கல்லை வைத்தார். பத்து எண்ணுவதற்குள் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் அடக்க முடியாமல் இருமல் வெடித்தது, கல் கீச்சென்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

மேனேஜர் ரம்ணிக் நடைபாதையில் அப்படியே நின்றான்.

"யாரு கல்லு கத்துச்சு?"

"என்னுதுதான்," என்றார் மாவ்ஜிபாய்.

ரம்ணிக் முனையைப் பிடுங்கி லாபுபென்னின் மேசைக்குக் கொண்டு போனான். முனைகளை நுண்ணோக்கியில் சோதிப்பது லாபுபென்னின் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அவள் பார்த்தாள், நிமிர்ந்தாள், பேனாவை எடுத்தாள். ரம்ணிக் தானே குனிந்து பார்த்தான்.

"விளிம்புல படி விழுந்திருக்கு. இந்த மாசத்துல ஆறாவது. வாங்க மேல. கர்சன், நீயும் வா. ஒரே சக்கரம்தானே, சாட்சி சொல்லு."

எங்கள் தனசுக் சேட்டும் ஒரு காலத்தில் சக்கரத்தில் குனிந்தவர்தான். அதை மறக்காமல் இருப்பதற்காக அவர் அறையில் பழைய இரும்புச் சக்கரம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் போனபோது ஊறவைத்த பாதாமைத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"மாவ்ஜி, உனக்கு என்ன வயசாச்சு?"

"நாப்பத்தி நாலு, சேட்."

"நாப்பத்தி நாலுல நெஞ்சு போச்சா? மாவாப் புகையிலையைக் குறைடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"மாவா பாதி சூரத்து போடுது சேட். புகையிலை வாயைத்தான் அரிக்கும். என் நெஞ்சுக்குள்ள போறது வேற."

"என்ன போகுது?"

"புதுச் சக்கரத்துத் தூசி."

அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் வார்ப்பிரும்புச் சக்கரம். வைரத் தூளை எண்ணெயில் குழைத்து நாங்களே கட்டைவிரலால் அதில் தேய்த்து ஏற்றுவோம். கை முழுக்கக் கருப்பாகும், ஆனால் தூசி எண்ணெயிலேயே அடங்கிக் கிடக்கும். போன தீபாவளி லீவு முடிந்து வந்தபோது பதினோரு இடத்திலும் புதுச் சக்கரம். வைரத் தூளை ஏதோ ஒரு உலோகத்தோடு சேர்த்து வார்த்தது. எண்ணெயே வேண்டாம், காய்ந்தபடியே தேய்க்கலாம், மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும். சேட் தேங்காய் உடைத்து எல்லோருக்கும் பேடா கொடுத்தார். ஒரு வாரத்தில் எங்கள் இமை மயிரெல்லாம் சாம்பல் பூத்தது. மதியம் கம்பு ரொட்லாவைப் பிட்டு வாயில் வைத்தால் ஆணியைச் சப்புகிற ருசி.

முதலில் இருமியவன் ஜஸ்மத். "ஊருக்குப் போய் உடம்பைத் தேத்திக்கிட்டு வா" என்று அனுப்பினார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறானாம். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் யாருக்கும் இருமல் வரவில்லை. வந்தால் கக்கூசுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமினோம். மற்றவனுக்குத் தெரியாது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டோம்.

சேட் பாதாம் தோலைத் தட்டில் போட்டார்.

"அதே தூசியிலதான் நாப்பது பேரு உட்கார்ந்திருக்காங்க. எவனாச்சும் இருமுறானா? கர்சன், நீ மாவ்ஜிக்கு நேர் எதிர்ல உட்கார்றே. உனக்கு இருமல் இருக்கா?"

காலையில்தான் குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்தேன். தொண்டையில் இன்னும் அந்த ஆணி ருசி இருந்தது.

"இல்ல சேட்," என்றேன்.

மாவ்ஜிபாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டியா? கோளாறு சக்கரத்துல இல்ல, உன் உடம்புல. நம்ம ஊர்க்காரன்னுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். நாளையிலேர்ந்து வரவேணாம்."

படி இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மாவ்ஜிபாய் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். மூன்று மாடி இறங்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. நான் பின்னாலேயே வந்தேன்.

"விடுடா," என்றார் அவரே. "உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெளிய வந்திருப்போம். ஒருத்தன் உள்ள இருக்கியே."

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தவன் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தவரை ஒரே வார்த்தையில் விற்றிருக்கிறேன். வெட்கக்கேடு.

மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சு டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டிபி இல்ல. நுரையீரல் காஞ்சு சுருங்கிட்டு வருது. என்ன வேலை?"

"வைரம் தேய்க்கிறோம்."

"வைரம் இதைப் பண்ணாது. எதுல வச்சுத் தேய்க்கிறீங்க?"

சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எண்ணெய் இல்லாமயா? அந்த உலோகம் என்ன? கோபால்ட் கலந்ததா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. சக்கரம் வந்த பெட்டியில எழுதியிருக்கும். அது இருந்தா இது எதனால வந்ததுன்னு என்னால எழுத முடியும். இன்னொண்ணு, இவர் அங்க வேலை பார்த்த தொழிலாளின்னு ஒரு கடிதம். ரெண்டும் இருந்தாத்தான் நான் எழுதுறது லேபர் ஆபீஸ்ல நிக்கும். அதுவரைக்கும் அந்தத் தூசிப் பக்கமே போகக்கூடாது." என்னைப் பார்த்தாள். "நீங்களும் அங்கதானா? சட்டையைத் தூக்குங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்று பின்னால் நகர்ந்தேன்.

"நான் கேட்டேனா? சட்டையைத் தூக்குங்க."

ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு எனக்கும் ஒரு படம் எடுக்கச் சீட்டு எழுதினாள்.

மறுநாள் காலை நானே சேட் அறைக்குப் போனேன். பீக்குவைத் துணைக்குக் கூப்பிட்டேன். தனியாகப் போனால் மறுபடியும் "இல்ல சேட்" என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம்.

"பெட்டியா? எந்தப் பெட்டி?" என்றார் சேட். "அதெல்லாம் வியாபார ரகசியம். உங்ககிட்டக் காட்டினா நாளைக்குக் கதார்காம்ல எல்லாப் பட்டறையிலயும் அந்தச் சக்கரம் ஓடும்."

"சரி சேட். மாவ்ஜிபாய் இங்க வேலை பார்த்த தொழிலாளின்னு ஒரு கடிதம் மட்டும் குடுங்க."

சேட் சிரித்தார். உண்மையாகவே அவருக்குச் சிரிப்பு வந்தது.

"தொழிலாளியா? கீழ வாசல்ல என்ன போர்டு இருக்கு? பீக்கு, நீ படி."

"ரத்ன கலாகார் கூடம்," என்றான் பீக்கு.

"என்ன அர்த்தம்? ரத்தினத்துல வேலை செய்யற கலைக்காரங்க. போன தீபாவளிக்குச் சால்வை போட்டேனா? 'எங்களை இனிமே தொழிலாளின்னு எழுதாதீங்க, கலாகார்னு எழுதுங்க'ன்னு மைக்கைப் பிடிச்சுப் பேசினது யாரு? நீதானே? எல்லாரும் காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்க. நானும் தொழிலாளிப் புத்தகத்துலேர்ந்து உங்க பேரையெல்லாம் எடுத்துட்டேன். உங்க மரியாதைக்காக."

பீக்கு தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சால்வையை அவன் வீட்டு முன்னறையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். கையெழுத்துப் போட்டதில் நானும் உண்டு. வைரம் உரசுகிறவன் என்று ஊர் கேலி பேசியே பழகிய எங்களுக்கு, அந்தச் சொல் காதில் தேனாக விழுந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தனும் படிக்கவில்லை.

"நவராத்திரிக்கு கர்பா பாடுறவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா பந்தல் போட்டவன் மேலயா கேஸ் போடுவான்?" என்றார் சேட். "போங்கடா, போய் வேலையைப் பாருங்க."

மதியம் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்தோம். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பீக்கு பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"என்ன இருந்தாலும் லேபர் ஆபீஸ் படியேறி நான் தொழிலாளின்னு நிக்க முடியுமா கர்சன்பாய்? அது துணிமில்லுல மூட்டை தூக்குறவன் போற இடம். மாவ்ஜிபாய்க்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான். நமக்கு ஒண்ணுமில்லையே."

சற்றுத் தள்ளித் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாபுபென் டப்பாவை மூடினாள்.

"உனக்கு ஒண்ணுமில்லையா பீக்குபாய்?"

"எனக்கென்ன?"

"எந்திரிச்சு வா. கர்சன்பாய், நீங்களும் வாங்க. ரம்ணிக் தூங்கப் போயிருக்கான்."

கீழே சக்கரங்கள் நின்றிருந்தன. அவள் ஒரு முனையை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள்.

"பாருங்க. இது மாவ்ஜிபாயோடது. கை தவறினா கீறல் சாய்வா ஓடும். ரேகை தப்பினா பல்லுப் பல்லாப் பேரும். இது ரெண்டும் இல்ல. நேரா இறங்கி நேரா ஏறியிருக்கு, படி மாதிரி. இது இருமல். நெஞ்சு ஒரு குலுக்குக் குலுக்கினா விளிம்புல இப்படித்தான் விழும்."

நான் பார்த்தேன். வெளிச்சக் கோடாக ஓடும் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் சின்னப் படி.

"இப்ப இதைப் பாரு," என்று வேறொன்றை மாற்றி வைத்தாள்.

பீக்கு குனிந்தான். "இதுவும் மாவ்ஜிபாயோடதுதான். அதே படி."

"டப்பாவுல நம்பரைப் பாரு."

டப்பாவில் இருபத்தேழு என்று இருந்தது. பீக்குவின் நம்பர். அவன் மறுபடியும் கண்ணை வைத்தான். எடுக்கவே இல்லை.

"வாரத்துக்கு ரெண்டு," என்றாள் லாபுபென். "கர்சன்பாய்க்கு மூணு. கக்கூஸ்ல குழாயைத் திறந்துட்டா ரம்ணிக்குக்குத்தான் கேக்காது. எனக்குத் தெரியாமப் போகுமா? நானூறு மடங்குல பார்க்குறவ நான்."

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணுல இருபத்தாறு."

சக்கரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா இருபத்தாறு பேரையும் ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. 'இன்னொரு இழைப்பு'ன்னு மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிட்டிருந்தேன். மாவ்ஜிபாயோடதையும் அப்படித்தான். அன்னிக்குக் கல்லு கத்தினதாலதான் மாட்டிக்கிட்டார்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "உங்க வேலையைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன். திருப்பி அனுப்பின ஒவ்வொரு தடவையும் மறுபடி அந்தத் தூசியிலதானே குனிஞ்சீங்க. என் கையால உங்களைக் கொன்னுட்டிருந்திருக்கேன்."

பீக்கு அப்போதுதான் நிமிர்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிப் பக்கம் போகக் காலை எடுத்து வைத்தவன், பாதியில் நின்று, அங்கேயே இருமினான். நன்றாகக் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இருமினான்.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் ஒவ்வொரு சக்கரமாக ஆட்களை நுண்ணோக்கிக்கு அழைத்தாள் லாபுபென். ரம்ணிக் கேட்டபோது "சேட் சொன்னார், தரம் சொல்லிக் குடுக்கச் சொல்லி" என்றாள். அவன் நம்பிவிட்டான். தரம் என்ற சொல்லைச் சொன்னால் அவன் எதையும் நம்புவான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதினோரு சக்கரமும் சுழன்றன. ஒருவரும் கல்லை வைக்கவில்லை. கல் வைக்காத சக்கரங்கள் எழுப்பும் இரைச்சலை அதுவரை நான் கேட்டதே இல்லை. வெறும் காற்றுச் சத்தம். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ரம்ணிக் ஒவ்வொரு சக்கரமாக ஓடினான். "ஏய், கல்லை வைங்கப்பா. என்னாச்சு உங்களுக்கு?" பிறகு மேலே ஓடினான். சேட் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தார்.

"யாரு ஆரம்பிச்சது?"

கைகள் மடியிலேயே கிடந்தன.

"வாயில்லையா? என்ன வேணும்?"

"நாலு விஷயம் சேட்," என்றேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "சக்கரம் வந்த பெட்டியை டாக்டரம்மாகிட்டக் காட்டணும். தூசியை உறிஞ்ச மிஷின் போடுற வரைக்கும் பழைய எண்ணெய்ச் சக்கரத்தை மாட்டணும். ஜஸ்மத்தையும் மாவ்ஜிபாயையும் கூப்பிட்டு வைத்தியம் பார்க்கணும். எங்க பேரைத் திரும்பத் தொழிலாளிப் புத்தகத்துல எழுதணும்."

"ரெண்டு பேருக்கு மாவா போட்டு நெஞ்சு கெட்டா நான் பட்டறையையே மாத்தணுமா? ரெண்டே பேரு. வேற எவனுக்குடா இருமல்? இருந்தா எந்திரிச்சு நில்லு, பார்க்குறேன்."

ஒருத்தனும் எழமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் எட்டு மாதமாக அவர் பட்டறை ஓடியது. நான் எழுந்தேன். கூடவே இருமலும் எழுந்தது. அன்றைக்கு அதை நான் அடக்கவில்லை.

பீக்கு எழுந்தான். ஆறாம் சக்கரத்தில் நான்கு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். யார் எழுகிறார்கள் என்று எண்ணுவதற்குள் மாடி முழுக்க நின்றது. இவ்வளவு நாளும் குழாய்த் தண்ணீரில் கரைத்த இருமல் அத்தனையும் அந்தக் கூடத்தில் கேட்டது. ரம்ணிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். எட்டு மாதத்தில் அவனுக்கு முதல் தடவையாகத் தூசி தெரிந்திருக்கிறது.

சேட் கடைசிச் சக்கரத்தில் நின்ற ஒருவனைக் கை காட்டினார். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன், பேர் லவ்ஜி.

"நீ இருமலையே. நீ ஏன் நிக்கிறே?"

"எனக்கு இன்னும் வரல சேட்," என்றான் லவ்ஜி.

யாரோ சிரித்தார்கள். சேட்டின் முகம் கறுத்தது. லாபுபென்னைப் பார்த்தார். அவளும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டுறியா?"

"உங்க உப்பு இரும்பா ருசிக்குது சேட்," என்றாள் அவள்.

சேட் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். கோபித்துக் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"சரி. எல்லாரும் களைச்சுப் போயிருக்கீங்க. கலாகாருக்கு ஓய்வு வேணும். இன்னிலேர்ந்து வேகேஷன். நாளைக்குக் காலைல வாசல்ல ரெண்டு பஸ் நிக்கும். அம்ரேலி, சாவர்குண்ட்லா, லாட்டி, எல்லா ஊருக்கும் போகும். டிக்கெட் என் செலவு. பொண்டாட்டி புள்ளைங்களோட போய்ட்டு வாங்க."

"தீபாவளிக்கு மூணு மாசம் இருக்கே சேட்," என்றான் பீக்கு. "எப்பத் திரும்பி வரணும்?"

"சொல்லி அனுப்புவேன்."

சூரத்தில் வைரப் பட்டறைக்காரனுக்கு வேகேஷன் என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. தொடங்குகிற தேதியைச் சொல்வார்கள், முடிகிற தேதியைச் சொல்லமாட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு கிராமமாகச் சிதறிய பிறகு பெட்டி காணாமல் போகும், எங்கள் இடத்தில் வேறு ஆட்கள் உட்காருவார்கள். ஆனாலும் ஊருக்கு இலவசப் பஸ். ஊரில் மழை பெய்து நிலக்கடலை முளைத்திருக்கும் நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற அம்மா அப்பா. எங்கே அடித்தால் விழுவோம் என்று தெரிந்துதான் அவர் அடித்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. வாசலில் இரண்டு பஸ்களும் எஞ்சினை உறுமவிட்டு நின்றன. முன்னால் 'கலாகார்களுக்கு இனிய விடுமுறை' என்று சேட் பேரோடு துணி கட்டியிருந்தது. எங்கள் ஆட்கள் சாலையோரமாக நின்றார்கள். ஐந்தாறு பேர் கையில் பை இருந்தது. பீக்குவின் கையிலும் இருந்தது.

ரம்ணிக் பட்டியலைப் படித்தான். "பீக்கு. லாட்டி. ஏறு."

பீக்கு நடந்து போய்ப் படியில் ஒரு காலை வைத்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"டிரைவர்பாய், இது லேபர் ஆபீஸ் வழியாப் போகுமா?" என்று கேட்டான் பீக்கு.

"அது ஆத்துப் பக்கம். நாங்க போறது எதிர்த் திசை."

"அப்ப நான் நடந்துக்குறேன்," என்று காலை எடுத்துக் கீழே வைத்தான். பையைத் தூக்கி என்னிடம் காட்டினான். "ரொட்லாவும் வெங்காயமும். அங்க எவ்வளவு நேரம் உட்கார வைப்பாங்களோ. நான் தொழிலாளின்னு எழுதிக் குடுக்கிறதுக்கு எத்தனை காகிதம் கேப்பாங்களோ."

பை வைத்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. மகளுக்குப் பிரசவ நேரம் என்று லாபுபென்னிடம் சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்துக்குள்ளிருந்து மாவ்ஜிபாய் வந்தார். சுவரைத் தடவிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தடவை நின்று வந்தார். படத்தை மஞ்சள் உறையில் போட்டு மார்போடு அணைத்திருந்தார். அங்கிருந்து லேபர் ஆபீஸ் நான்கு மைல்.

"நீங்க வீட்டுல இருங்க. நாங்க பேசிக்கிறோம்," என்றேன்.

"என் நெஞ்சைப் பத்திப் பேசப் போறீங்க. நான் இல்லாமயா?" அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரை இதுல ஏத்துங்க," என்றார். "ஊருக்குப் போற ஒருத்தர் முன்னால நிக்கிற வண்டியில ஏறிட்டார். எனக்கு ஒரு நாள் முழுக்க வாடகை குடுத்தாச்சு. காலி வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"யோவ், இது சேட் பஸ்," என்று ரம்ணிக் குறுக்கே வந்தான்.

"பஸ் என்னுது. துணிதான் சேட்டோடது. வேணும்னா அவுத்துக்க."

ரம்ணிக் உண்மையிலேயே துணியை அவிழ்க்கப் போனான். ஒரு முடிச்சுதான் அவனால் அவிழ்க்க முடிந்தது.

மாவ்ஜிபாயை முன் இருக்கையில் உட்கார வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டோம். நாங்கள் முன்னால் நடந்தோம். பஸ் ஓரம் அவிழ்ந்த துணியை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னால் ஊர்ந்தது. லேபர் ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சேட் அதற்குள் யாருக்குப் போன் போட்டிருப்பார் என்பதும் தெரியாது. பெட்டி இன்னும் அவர் பூட்டில்தான் இருந்தது.

வராச்சா ரோட்டில் இரண்டு பக்கமும் பட்டறைகள். வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு மாடி வராந்தாவில் டீக் கிளாஸோடு நின்ற ஒருவர் குனிந்து கேட்டார்:

"வேகேஷனா பாய்? எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்ல," என்றேன். "எங்க பட்டறையில எண்ணெய் போடாத சாம்பல் சக்கரம் மாட்டினாங்க. அதுல நெஞ்சு போச்சு. கேக்கப் போறோம்."

அவர் கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"எங்க சேட்டும் போன வாரம் பெட்டி பெட்டியா இறக்கியிருக்கார். சாம்பலாத்தான் இருக்கு. தேங்காய் உடைச்சு பேடா குடுத்தார். அதுல என்ன இருக்கு?"

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்து எழுதிக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி வாங்க," என்றேன். "மிச்சத்தை நடந்துக்கிட்டே சொல்றேன்."